கண்ணாடித் தொட்டியிற் கடல்



யான் பேச்சாளன் அல்லன். மாட்டுங்கா இரயில்வேப் பணிமனையிற் பண்டகசாலைக் கணக்கு எழுதுபவன். பத்தாம் வகுப்புக்கு மேற் படித்ததில்லை. இம்மேடையில் ஆண்டுதோறும் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசிய புலவர் பெருமக்கள் நின்ற இடத்தில் மீன்தொட்டியைப் பற்றிப் பேச நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் நம் செயலாளர் அவர்கள், “உங்கள் வீட்டிற் கடலே இருக்கிறதாமே, அதைப் பற்றி அரைமணி நேரம் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்” என்று கட்டளையிட்டார். மறுக்க இயலவில்லை.

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் முன்னறையில் மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. மணலும் கல்லும் போக, ஏறத்தாழ நூறு லிட்டர் உப்புநீர் அதில் நிற்கிறது. கோமாளி மீன் எனப்படும் செம்மஞ்சள் நிற மீன்கள் இரண்டும், இறால் ஒன்றும், நத்தைகள் சிலவும் அதில் வாழ்கின்றன. இவ்வளவே நான் ஆளும் கடல். இதற்கு உணவிடுவது பெரிய வேலையன்று. நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை போதும். இதன் நீரை நேற்றிருந்தபடியே இன்றும், இன்றிருந்தபடியே நாளையும் வைத்திருப்பதுதான் வேலை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழாண்டுகள் ஆயின. சில உயிர்களையும் இழந்தேன்.

இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் தந்தையார் தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூரிலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்தவர். அவருடைய தந்தையார், அதாவது என் பாட்டனார், வள்ளத்திற் சென்று கடலுக்குள் இருக்கும் பாரிலிருந்து கல்லைப் பெயர்த்து வந்து சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்றவர். பார் என்றால் நம் பக்கத்தவர்க்குத் தெரியும். ஏனையோர் பவளப்பாறை என்று கொள்க. மன்னார் வளைகுடாக் கரையிலே அக்கல்லால் வீடு கட்டினார்கள், அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசினார்கள், வெற்றிலைக்கும் தடவிக்கொண்டார்கள். அது உயிருள்ள பொருள் என்று அக்காலத்தில் எவரும் நினைக்கவில்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது தந்தையார் என்னை மெரீன் டிரைவின் தாராபோர்வாலா மீன் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றார். 1951-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற காட்சிசாலை அது. கண்ணாடிக்குப் பின்னே வண்ண மீன்கள் நீந்துவதைப் பார்த்து நான் வாய்பிளந்து நின்றேன். தந்தையாரோ மீன்களைப் பார்க்கவில்லை. அடியில் அடுக்கியிருந்த கற்களையே வெகுநேரம் பார்த்தார். “இந்தக் கல்லைத்தானடா உங்கள் தாத்தா வெட்டினார்” என்றார். பின்பு ஒன்றும் பேசவில்லை. அந்தக் காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இவ்விடத்திற் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001-ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுள்ளன. புலியைப் பிடித்து வீட்டில் வைத்தால் என்ன குற்றமோ அதே வகைக் குற்றம், நம் கடலின் பவளத்தைப் பெயர்த்து வீட்டில் வைப்பதும். செத்த பவளக் கிளையைக் கூடத்தில் அழகுக்கு வைப்பதும் தவறே. ஆகவே என் தொட்டியிற் பவளம் இல்லை. பாறையாக இருப்பது சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் கலந்து நானே வார்த்த கல். அதன்மேல் நாளடைவில் இளஞ்சிவப்பு நிறத்திற் கல்போன்ற பாசி படர்ந்தது. அதுவும் பவளத்தைப் போலவே நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் உடம்பைக் கட்டுகிறது. பவளத்துக்கு எந்த நீர் வேண்டுமோ, அந்த நீர்தான் அதற்கும் வேண்டும். கோமாளி மீன்களும் கடலிற் பிடித்தவை அல்ல. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்தவை. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபம் முதலிய இடங்களில் இம்மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வளர்க்கும் முறையைக் கண்டு பரப்பியுள்ளனர். வாங்குவோர் அத்தகைய மீனையே கேட்டு வாங்குக.

இனி நீருக்கு வருவோம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிற் பெரும்பகுதி நாம் உண்ணும் உப்பு. அதனோடு மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவிலும், சுண்ணச்சத்தாகிய கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும் உள்ளன. எனவே சமையலுப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகாது. அதற்கென விற்கும் கலவையுப்பையே கரைக்க வேண்டும். “மும்பையைச் சுற்றிக் கடல் இருக்க, உப்பைக் காசு கொடுத்து வாங்குவானேன்?” என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நகரத்துக் கரையோர நீரிற் சாக்கடையும் கலக்கிறது. ஆனி முதல் புரட்டாசி வரை மழைநீரும் கலந்து உப்பின் அளவு நிலையாக நிற்பதில்லை. அந்நீரிலும் பவளம் உயிர் வாழ்கிறது என்பது வியப்பு. கடற்கரைச் சாலைப் பணிக்காக வொர்லி, ஹாஜி அலி கரைகளிலிருந்த பவளங்களை 2020-ஆம் ஆண்டு பெயர்த்து வேறிடத்தில் நட்டபோதுதான், நம் நகரத்தின் காலடியிலேயே பவளம் இருந்தது என்று நம்மிற் பலர் அறிந்தோம்.

முதலிற் செய்யவேண்டுவது பொறுத்திருத்தல். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் அதைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. நாள்தோறும் பள்ளியிலிருந்து வந்தவுடன், “அப்பா, இன்றைக்காவது மீன் உண்டா?” என்பாள். கல்லில் உயிர் குடியேறினால் அதுவே நீரைத் தூய்மை செய்யும் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லும், காற்றுக் குமிழியும், வெயிலும் கொண்டு தொட்டியிற் பவளம் வளர்த்த முறையை அவர் 1961-இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். பெரிய கருவி ஏதும் அவரிடம் இல்லை. நம்மைப் போன்ற சிறுவருவாய்க்காரருக்கு அவர் ஓர் ஆறுதல்.

அடுத்தது, ஆவியாதல். தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் ஆவியாகிறது. போவது நீர் மட்டுமே, உப்பு போவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல நீரைத்தான் ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றலாகாது. இது கேட்பதற்கு எளிது. 2018-ஆம் ஆண்டு பொங்கலுக்கு எட்டு நாள் ஊருக்குச் சென்றபோது, எதிர்வீட்டுத் தம்பியிடம், “நாள்தோறும் கோடு வரை நீரை நிரப்பு” என்று சொல்லிச் சென்றேன். நல்லநீர்க் கேனையும் உப்புநீர்க் கேனையும் அருகருகே வைத்துப் பெயர் எழுதாமற் போனது என் பிழை. கடல்மீனுக்குக் கடல்நீர் என்று கருதி அப்பிள்ளை நாள்தோறும் இரண்டு லிட்டர் உப்புநீரை ஊற்றினான். இரண்டு லிட்டரில் 70 கிராம். எட்டு நாளில் 560 கிராம். நூறு லிட்டரில் 3,500 கிராமாக இருந்த உப்பு 4,060 கிராம் ஆயிற்று. அதாவது லிட்டருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

அதுவரைக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எட்டு நாளிற் சிறிது சிறிதாக ஏறியதால் எல்லாம் தாங்கிக்கொண்டன. சேதம் விளைவித்தவன் நான்தான். வந்து அளந்து பார்த்துப் பதறி, அந்த மாலையே பதினைந்து லிட்டரை எடுத்துவிட்டு நல்ல நீரை ஊற்றினேன். ஒரு மணி நேரத்திற் கணக்குச் சரியாயிற்று. மறுநாள் இறால்கள் இரண்டும் செத்துக் கிடந்தன. அவற்றின் உடம்பிலுள்ள நீரும் வெளிநீரும் உப்பளவில் ஒத்திருக்க வேண்டும். வெளிநீர் திடீரென மெலிந்தால் நீர் உடம்புக்குள் பாய்ந்து வீங்கிவிடுகின்றன. எட்டு நாளில் ஏறியதை எட்டு நாளில் இறக்கியிருந்தால் அவை பிழைத்திருக்கக்கூடும்.

இதிற் பாடம் கற்றேனா என்றால், இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அதனினும் பெரும் பிழை செய்தேன்.

கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. அதைப் பிஎச் என்னும் அளவால் அளப்பர். ஏழு என்றால் நடுநிலை. நல்ல கடல்நீர் 8.1 முதல் 8.3 வரை காட்டும். இந்த அளவு ஆடாமல் இருப்பதற்கு நீரிற் கரைந்துள்ள கார்பனேட்டு உப்புகள் உதவுகின்றன. அமிலம் வந்து மோதினால் அவை முன்வந்து அடியை ஏற்றுக்கொள்கின்றன. வேதியியலார் இதற்குப் பஃபர் என்று பெயரிட்டுள்ளனர். என் வியப்பைப் பாருங்கள்! இரண்டு வண்டிகள் மோதும்போது அதிர்ச்சியைத் தாங்க முனையிற் பொருத்தியிருக்கும் உறுப்புக்கும் நம் பணிமனையிற் பஃபர் என்றே பெயர். பதிவேட்டில் ஆயிரந்தடவை எழுதிய சொல்; மீன்தொட்டியிலும் அது வந்து நின்றது.

அவ்வாண்டு ஆடி மாதம். அடைமழை. அளந்து பார்த்தேன், 7.8 காட்டியது. நெஞ்சு பதைத்தது. கடைக்காரர் ஒருவர் சோடாப் போடச் சொன்னார். முதலிற் சமையற் சோடாப் போட்டேன், அசையவில்லை. பிறகு சலவைச் சோடாவைக் கரைத்து ஒரு கரண்டி ஊற்றினேன். மாலையில் ஏறியது, காலையில் மீண்டும் இறங்கியது. மறுநாளும் ஊற்றினேன், மூன்றாம் நாள் இரட்டிப்பாக ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி முழுவதும் மோர் போல வெளுத்துவிட்டது. நீரிலிருந்த சுண்ணச்சத்தும், நான் கொட்டிய கார்பனேட்டும் ஒன்றுசேர்ந்து சுண்ணப்பொடியாகி அடியிற் படிந்தன. அதுவரை சேர்த்த சுண்ணச்சத்தும் போயிற்று, சோடாவும் வீணாயிற்று. மேலும், நீரிற் காரம் ஏறும்போது அங்குள்ள அமோனியாவின் நச்சுத்தன்மை பன்மடங்கு பெருகும் என்பதை நான் அறியேன். விடியற்காலையில் இரண்டு கோமாளி மீன்களுள் பெரியது மிதந்தது. அதற்கு என் மகள் ‘தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தாள். என் தந்தையார் மறைந்த ஆண்டிலே வாங்கிய மீன் அது. அவள் அழவில்லை; என்னோடு பேசவும் இல்லை. என் மனைவி, “இந்தத் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்றாள். கொடுத்துவிடலாம் என்றே நானும் எண்ணினேன்.

விடையைக் கண்டவள் அந்தப் பிள்ளைதான். நாள்தோறும் அளந்த எண்களை நான் ஒரு பழைய கையேட்டிற் குறித்து வந்தேன், பண்டகசாலைப் பழக்கம். ஓரத்தில் ‘மழை’, ‘வெயில்’, ‘விருந்தினர் வருகை’ என்றும் எழுதுவதுண்டு. பத்து நாள் கழித்து அவள் அதைக் கொண்டுவந்து, “அப்பா, மழை என்று எழுதிய நாளில் எல்லாம் எண் குறைந்திருக்கிறது, அத்தை வீட்டார் தங்கிய நாளில் மிகவும் குறைந்திருக்கிறது” என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கியது. மழைக்காலத்திற் சாளரங்களை எல்லாம் அடைத்துவிடுகிறோம். பத்தடிக்குப் பத்தடி அறை, ஐந்தாறு பேர் மூச்சு விடுகிறோம், அடுப்பும் எரிகிறது. அறையிற் கரியமிலவாயு பெருகி நீரிற் கரைந்து அமிலமாகிறது. நோய் நீரிலே இல்லை. அறைக் காற்றிலே இருந்தது. காரத்தன்மையை அளக்கும் சொட்டு மருந்தால் அன்றே பார்த்திருந்தால், பஃபர் குறையவில்லை என்பது தெரிந்திருக்கும். நானோ ஓர் எண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தேன். அன்று இரவு சாளரத்தை ஒரு சாண் திறந்து வைத்தோம். காலையில் 8.0. சோடா ஒரு துளியும் தேவைப்படவில்லை.

இச்சிற்றறையில் நடந்ததே பெருங்கடலிலும் நடக்கிறது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். ஆலைகள் தோன்றிய காலத்திலிருந்து மனிதன் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் வானிற் சேர்த்த கரியமிலவாயுவில் ஒரு பகுதியைக் கடல் உட்கொண்டது. அதனால் மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் 8.2-இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. சிறு வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் சுண்ணாம்பால் உடல் கட்டும் உயிர்களுக்கு அது பெரிது. அதனோடு வெப்பமும் சேர்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. அங்குள்ள 21 தீவுகளையும் சூழ்ந்த பகுதி 1986-இற் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருள் மூழ்கிவிட்டன. சுற்றிலும் அரணாக இருந்த பாரைக் கல்லுக்காகப் பெயர்த்ததே அதற்கு முதன்மையான காரணம் என்பர். அப்பெயர்களைப் படித்தபோது பாட்டனாரின் வள்ளம் என் கண்முன் வந்தது. அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. அவர் ஈட்டிய கூலியிலேதான் என் தந்தையார் வளர்ந்தார்.

சுண்ணாம்பு என்றதும் ஒரு செய்தி. பாசியும் நத்தையும் எடுத்துக்கொள்ளும் சுண்ணச்சத்தை நாம் திருப்பித் தரவேண்டும். அதற்குக் கடையில் விலையுயர்ந்த புட்டிகள் பல உண்டு. நான் பயன்படுத்துவது தெளிந்த சுண்ணாம்பு நீர். ஐரோப்பாவிற் பீட்டர் வில்கென்ஸ் என்பார் 1970-களில் இம்முறையைப் பவளத் தொட்டிகளுக்குப் பரப்பினார். நம் பாட்டிமார் அறியாத பொருளா அது? தூய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு லிட்டர் நல்ல நீரில் ஒன்றரை கிராம் அளவே கரையும். ஒரு தேக்கரண்டி இட்டுக் குலுக்கி மூடி வைத்தால், மிகுதி அடியிற் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டா; அதில் வாசனையும் வேறு கலப்பும் இருத்தல் கூடும். உண்ணுதற்கேற்ற தூய்மையுடையது என்று கேட்டு வாங்குக. தாய்மார்கள் கவனிக்க: இந்நீர் கடுங்காரம் உடையது. கண்ணிற் பட்டாற் கேடு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இதையும் ஒரேயடியாக ஊற்றினாற் சோடாக் கதைதான். மருந்துக் கடையிற் கிடைக்கும் சலைன் குழாயைப் புட்டியில் மாட்டி, இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். இரவில் ஏன் என்றால், வெளிச்சம் இல்லாதபோது பாசி கரியமிலவாயுவை உட்கொள்வதில்லை. பிஎச் தானே இறங்கும். சொட்டும் சுண்ணாம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆவியான நீருக்கு ஈடாகவும் அதுவே அமைகிறது. ஒரு கல்லால் இரண்டு மாங்காய்.

பாட்டனார் கடலிலிருந்து படகு படகாக எடுத்தார். பேரன் இரவில் ஒன்றரை லிட்டர் சொட்டுகிறான். கணக்கு என்றும் நேராகாது என்பதை அறிவேன்.

வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை பத்து லிட்டர் நீரை மாற்றுகிறேன். முதல்நாளே பத்து லிட்டர் நல்ல நீரில் 350 கிராம் கடலுப்பைக் கரைத்துக் காற்றுக் குழாய் விட்டு வைக்கவேண்டும். வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே ஊற்றவேண்டும். நகராட்சிக் குழாய்நீரிற் குளோரின் இருப்பதால் அதை நேரே ஊற்றுவதில்லை. சமையலறை வடிகட்டியின் நீரையே கொள்கிறேன். சித்திரை, வைகாசியில் நீர்மேல் சிறு விசிறி ஒன்றை வீசவைத்தால் இரண்டு மூன்று டிகிரி குளிரும். ஆனால் ஆவியாதலும் மூன்று லிட்டராகும், அதை மறக்கலாகாது. மும்பையில் மின்சாரம் போவது அரிது. எனினும் 2020 அக்டோபர் 12-ஆம் நாள் நகரமே இருண்டதே, நினைவிருக்கும். வண்டிகள் நடுவழியில் நின்றன. அன்று என் மகள் மின்கலத்தில் ஓடும் ஐந்நூறு ரூபாய்க் காற்றுப் பொறியை வைத்து, மின்சாரம் மீண்டும் வரும்வரை காத்தாள். எந்த உயிரும் போகவில்லை.

செலவு எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். தொட்டியும் விளக்கும் பொறியும் பழையதாய் வாங்கினேன். மாதச் செலவு ஒரு குடும்பம் ஒருமுறை திரைப்படம் பார்க்கும் செலவுக்கு மிகாது. நாள்தோறும் காலையிற் பத்து நிமிடம், ஞாயிறு ஒரு மணி. அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க இயலாதவர் தொடங்க வேண்டா என்று வெளிப்படையாகவே சொல்வேன். அதிற் சாவது நாம் அல்லோம்.

தாத்தாவின் இடத்தில் வேறொரு மீன் வந்து நான்காண்டுகள் ஆகின்றன. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என் மகள் இப்போது பதினோராம் வகுப்பில் வேதியியல் படிக்கிறாள். கையேடு அவள் பொறுப்பில் இருக்கிறது. நேற்றிரவு எழுதியது: உப்பு 35, வெப்பம் 27, பிஎச் 8.1, காரத்தன்மை எட்டு, மழை, சாளரம் திறந்திருந்தது. காண விரும்பும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் இல்லத்துக்கு அனுப்புங்கள். நீர் மாற்றும் நேரம் அது. வாளி தூக்க ஆளும் வேண்டியிருக்கிறது.